அச்சேறிய தாளும் ஏறாத தாளும்

1979-இல் அமெரிக்கப் பொருளியலாளர்களிடம் எடுத்த ஒரு கருத்துக் கணிப்பின் முடிவு வெளியானது. வரிசையாகச் சில வாக்கியங்களைக் கொடுத்து, ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். குறைந்தபட்சக் கூலி இளைஞர்களிடமும் தேர்ச்சியில்லாத தொழிலாளர்களிடமும் வேலையின்மையைக் கூட்டுகிறது என்பது அவற்றில் ஒன்று. பத்தில் ஒன்பது பேர் அதை ஏற்றார்கள். சிலர் நிபந்தனையோடு, பெரும்பாலோர் நிபந்தனை ஏதுமின்றி. எதைக் கேட்டாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பவர்கள் என்று பெயர் வாங்கிய துறையில் இந்த ஒற்றுமை அபூர்வமானது.

2013-இல், சிகாகோ பல்கலைக்கழகம் முன்னணிப் பொருளியலாளர்களைத் திரட்டி அமைத்த குழுவிடம் ஏறக்குறைய இதே கேள்வி போனது. மணிக்கு 7.25 டாலராக இருந்த கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலியை 9 டாலராக்கினால், தேர்ச்சி குறைந்தவர்களுக்கு வேலை கிடைப்பது கண்கூடாகக் கடினமாகுமா? 34 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 32 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோர் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். இரண்டு கேள்விகளும் சொல்லுக்குச் சொல் ஒன்றல்ல, பதில் சொன்னவர்களும் ஒரே கூட்டமல்ல. ஆனாலும் ஒரு தலைமுறைக் காலத்தில் ஒரு நம்பிக்கை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டிவிடுகின்றன.

இடைப்பட்ட காலத்தில் பொருளியலின் அடிப்படை விதி எதுவும் மாறிவிடவில்லை. விலை ஏறினால் வாங்குவது குறையும் என்ற பாடம் இன்றும் முதலாண்டு வகுப்பில் அப்படியேதான் நடக்கிறது. மாறியது வேறொன்று. அன்று ஆய்வாளர்கள் உலகத்தை மட்டுமே ஆராய்ந்தார்கள். இன்று, உலகத்தைப் பற்றித் தாங்கள் எழுதிக் குவித்த தாள்களையும் சேர்த்து ஆராய்கிறார்கள்.

பழைய நம்பிக்கை வெறும் வாய்வார்த்தையாக இருந்ததில்லை. அமெரிக்காவில் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 1938-இல் மணிக்கு 25 சென்ட்டாகத் தொடங்கியது. 1946-இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் அதன் பொருளியலை எழுதினார். போட்டி நிலவும் சந்தையில் கூலியைச் சட்டத்தால் உயர்த்தினால் சிலர் வேலை இழப்பார்கள், வறுமையைப் போக்க இது நல்ல கருவியல்ல என்பது அவர் வாதம். காகிதத்தில் இரண்டு கோடுகளை வரைந்தே அதை நிறுவிவிடலாம். பிறகு கணினியும் காலாண்டுத் தரவும் வந்தன. 1960-களிலும் 1970-களிலும் பதின்வயதினரின் வேலைவாய்ப்பையும் கூலியையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. கோடுகள் சொன்னதையே பெரும்பாலும் எண்களும் சொல்லின.

1982-இல் சார்ல்ஸ் பிரவுன், கர்டிஸ் கில்ராய், ஆண்ட்ரூ கோஹன் மூவரும் அந்த ஆய்வுகளையெல்லாம் படித்து ஒரு மதிப்புரை எழுதினார்கள். குறைந்தபட்சக் கூலி 10 சதவீதம் உயர்ந்தால் பதின்வயதினரின் வேலைவாய்ப்பு 1 முதல் 3 சதவீதம் வரை குறைகிறது என்பது அவர்கள் தொகுத்துச் சொன்ன முடிவு. பாடப்புத்தகங்கள் அதை எடுத்துக்கொண்டன. அரசியல் விவாதங்களும் எடுத்துக்கொண்டன. ‘ஒன்று முதல் மூன்று’ என்பது வாய்பாடு மாதிரி மனப்பாடமானது.

அந்தக் கால மதிப்புரைக்கென்று ஒரு கைப்பக்குவம் இருந்தது. துறையில் பழுத்த ஒருவர் நூலகத்தில் உட்கார்ந்து சஞ்சிகைகளைக் கட்டுக்கட்டாகப் புரட்டுவார். இந்தக் கட்டுரையின் தரவு மோசம், அந்தக் கட்டுரையின் முறை நன்று, இன்னொன்றை எழுதியவர் அவசரக்காரர் என்று அவருக்குத் தெரியும். எதற்கு எவ்வளவு எடை என்பதை அவர் மனம் தீர்மானிக்கும். முடிவை வாசிப்பவர்கள் அவருடைய பெயரை நம்பி அதை ஏற்பார்கள். நல்லவர் கையில் அது நன்றாகவே அமைந்தது. ஆனால் அந்த எடைக்கற்களை வேறு யாரும் எடுத்துப் பார்க்க முடியாது. அதைவிடப் பெரிய குறை ஒன்று: அவர் படித்ததெல்லாம் அச்சேறிய தாள்கள். அச்சேறாத தாள் அவர் மேசைக்கு வர வழியே இல்லை.

கருத்துக் கணிப்பு வெளியான அதே 1979-இல், உளவியலாளர் ராபர்ட் ரோசென்தால் இந்தக் குறைக்கு ஒரு பெயர் வைத்தார்: மேசை இழுப்பறைச் சிக்கல். விளைவு உண்டு என்று காட்டும் ஆய்வு சஞ்சிகைக்குப் போகிறது. ஒன்றும் இல்லை என்று காட்டும் ஆய்வு இழுப்பறைக்குப் போகிறது. வெளியே தெரிவதை மட்டும் எண்ணிப் பார்த்தால், இல்லாத விளைவும் இருப்பதாகவே தோன்றும். இதில் யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்ற தலைப்பில் கட்டுரை அனுப்ப யாருக்கும் மனம் வருவதில்லை, அனுப்பினாலும் பதிப்பாசிரியருக்குப் பிடிப்பதில்லை, அவ்வளவு போதும்.

இழுப்பறைக்குள் எட்டிப் பார்க்கும் கருவி அப்போது பிறந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தது. 1976-இல் அமெரிக்கக் கல்வியாய்வாளர் ஜீன் கிளாஸ் அதற்கு மெட்டா பகுப்பாய்வு என்று பெயரிட்டார். ஆய்வுகளையே தரவாக வைத்துச் செய்யும் ஆய்வு என்று பொருள். அடுத்த ஆண்டே அவரும் மேரி லீ ஸ்மித்தும் உளவியல் சிகிச்சை பயன் தருகிறதா என்று 375 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். வேர் இன்னும் பழையது. 1904-இல் கார்ல் பியர்சன், பிரிட்டிஷ் படைவீரர்களுக்குப் போட்ட டைபாய்டு தடுப்பூசியின் பலனை, தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருந்த படைப்பிரிவுகளின் சிறு சிறு கணக்குகளைச் சேர்த்து எடைபோட்டிருக்கிறார். பொருளியலுக்குள் இந்த முறை முறையாக நுழைந்தது 1989-இல், டாம் ஸ்டான்லியும் ஸ்டீபன் ஜாரெலும் எழுதிய கட்டுரை வழியாக. முடிவுகளின் சராசரியை எடுப்பதோடு நிற்காமல், ஓர் ஆய்வின் முடிவு இன்னொன்றிலிருந்து ஏன் வேறுபடுகிறது என்று கணக்குப் போடுவதற்கும் அவர்கள் வழி சொன்னார்கள்.

குறைந்தபட்சக் கூலி பற்றிய நம்பிக்கைக்கு முதல் அதிர்ச்சி வேறு திசையிலிருந்து வந்தது. 1992 ஏப்ரல் 1 அன்று நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக்கியது. டெலவேர் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பென்சில்வேனியாவில் அது 4.25 டாலராகவே நின்றது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரு கரையிலும் 410 துரித உணவகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்: பர்கர் கிங், கேஎஃப்சி, வெண்டிஸ், ராய் ராஜர்ஸ். கூலி உயர்வதற்கு முன் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஒரு சுற்று, உயர்ந்த பின் நவம்பரிலும் டிசம்பரிலும் ஒரு சுற்று தொலைபேசியில் விசாரித்தார்கள். முழுநேர ஆட்கள் எத்தனை, பகுதிநேர ஆட்கள் எத்தனை, புதிதாகச் சேருபவருக்குக் கூலி எவ்வளவு, ஒரு நடுத்தரக் குளிர்பானம் என்ன விலை, சிறிய பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல் என்ன விலை. பிடிகொடுக்காத கடைகளுக்கு ஆளே நேரில் போனார்.

பகுதிநேர ஆளை அரை ஆளாகக் கணக்கிட்டால், நியூ ஜெர்சிக் கடையில் சராசரியாக இருந்த 20.4 பேர் 21.0 ஆனார்கள். பென்சில்வேனியாவில் 23.3 பேர் 21.2 ஆகக் குறைந்தார்கள். கூலி உயர்ந்த கரையில் வேலை குறையவில்லை. 1994-இல் கட்டுரை அச்சானபோது எழுந்த கோபம் கொஞ்சமல்ல. 1986-இல் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் புக்கானன் நாளிதழில் எழுதினார்: தண்ணீர் மேட்டை நோக்கி ஓடுமென்று எந்த இயற்பியலாளரும் சொல்லமாட்டார், கூலி ஏறினால் வேலை பெருகுமென்று தன்மானமுள்ள எந்தப் பொருளியலாளரும் சொல்லமாட்டார் என்ற பொருளில். பொருளியலாளர்கள் டேவிட் நியூமார்க், வாஷர் இருவரும் உணவகங்களின் சம்பளப் பட்டியல்களை வாங்கிப் பார்த்து, வேலை குறைந்தது என்றார்கள். கார்டும் க்ரூகரும் அரசுத் தரவை எடுத்து, இல்லை என்றார்கள்.

உணவகக் கட்டுரைக்குக் கிடைத்த புகழில் மறைந்துபோன இன்னொரு சிறு கட்டுரை உண்டு. அதே இருவரும் 1995-இல் எழுதியது. பழைய நம்பிக்கையைத் தாங்கி நின்ற காலாண்டுத் தரவு ஆய்வுகளில் 15-ஐ வரிசைப்படுத்தி, ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். பின்னால் வந்த ஆய்வாளருக்கு முன்னவரைவிட அதிக ஆண்டுகளின் தரவு இருந்தது. விளைவு உண்மையானால், தரவு பெருகப் பெருக அது இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒரு மதிப்பீடு தற்செயலாக எவ்வளவு தவறக்கூடும் என்பதைச் சொல்வது திட்டப் பிழை. மதிப்பீட்டை அதன் திட்டப் பிழையால் வகுத்தால் கிடைக்கும் டி மதிப்பு அந்தத் தெளிவின் அளவுகோல். தரவு நான்கு மடங்கானால் டி மதிப்பு இரண்டு மடங்காக வேண்டும். இது புள்ளியியலின் எளிய கணக்கு.

அந்த 15 ஆய்வுகளில் அது ஏறவில்லை, சற்று இறங்கியிருந்தது. தரவு குறைவாக இருந்தபோதும் டி மதிப்பு இரண்டை ஒட்டியே நின்றது, தரவு பெருகிய பிறகும் இரண்டை ஒட்டியே நின்றது. இரண்டு என்பது சஞ்சிகைகள் வாசல் திறக்கும் எண். முடிவு நம்பத்தக்கது என்று மரபு ஒப்புக்கொள்ளும் எல்லை ஏறத்தாழ அங்கேதான் இருக்கிறது. வாசல் எவ்வளவு உயரமோ அதற்குத் தக்கபடி எல்லோரும் குனிந்து நுழைந்திருக்கிறார்கள். காலப்போக்கில் விளைவே மெலிந்திருக்கலாம் என்ற விளக்கத்துக்கும் இடமிருந்தது. ஆனால் எந்த ஆய்வு அச்சேற வேண்டும் என்ற தேர்வுதான் இதற்குக் காரணமாக இருக்கும் என்று கார்டும் க்ரூகரும் கருதினார்கள். ஒரு துறை தன் தாள்களைத் தானே எடுத்து, அச்சேறாமல் போனவற்றின் தடத்தை அவற்றில் தேடிய தொடக்க முயற்சிகளில் அது ஒன்று.

கார்டும் க்ரூகரும் பார்த்தவை 15. 2009-இல் கிறிஸ் டூகுலியாகோஸும் ஸ்டான்லியும் பார்த்தவை 64 ஆய்வுகளிலிருந்து எடுத்த 1,474 மதிப்பீடுகள். ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக வரைபடத்தில் இட்டார்கள். கிடையாக, கூலி உயர்வால் வேலை எவ்வளவு மாறுகிறது. செங்குத்தாக, அந்த மதிப்பீடு எவ்வளவு துல்லியமானது. துல்லியமானவை மேலே ஒடுங்கி நிற்கும், துல்லியமற்றவை கீழே இருபுறமும் சிதறும். அச்சேற்றத்தில் பாரபட்சம் இல்லையென்றால் படம் கவிழ்த்து வைத்த புனல் போல இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு சிறு ஆய்வு தற்செயலாக இடப்பக்கம் தவறினால் இன்னொன்று வலப்பக்கம் தவறியிருக்கும் அல்லவா?

அவர்களுடைய படத்தில் இடப்பக்கம் அடர்ந்திருந்தது, வலப்பக்கம் மெலிந்திருந்தது. வேலை குறைகிறது என்ற திசையில் தவறிய ஆய்வுகள் வந்து சேர்ந்திருந்தன. வேலை கூடுகிறது என்ற திசையில் தவறியிருக்க வேண்டியவை வரவில்லை. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் நெகிழ்ச்சி –0.19. அதாவது 10 சதவீதக் கூலி உயர்வுக்குச் சுமார் 2 சதவீத வேலையிழப்பு, பழைய ‘ஒன்று முதல் மூன்று’க்கு நடுமையம். ஆனால் உச்சியில், மிகத் துல்லியமான புள்ளிகள் பூஜ்யத்தை ஒட்டி நின்றன. வராமல் போனவற்றுக்கு இடம் விட்டுக் கணக்கிட்டால் சராசரியும் பூஜ்யத்தை நெருங்கியது. தண்ணீர் மேட்டில் ஏறிவிடவில்லை. நிலம் நினைத்த அளவு சரிவாக இல்லை என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

இந்த அளவுகோலை மற்ற நம்பிக்கைகள்மீது வைத்தபோதும் பெரும்பாலும் எண்கள் சுருங்கவே செய்தன. பொது நாணயம் நாடுகளுக்கிடையே வணிகத்தை மூன்று மடங்காக்குகிறது என்று 2000-இல் ஆண்ட்ரூ ரோஸ் கண்டார். யூரோ பிறந்த நேரம், அந்த எண் பெரிதும் பேசப்பட்டது. 2005-இல் அதே ரோஸ், ஸ்டான்லியோடு சேர்ந்து 34 ஆய்வுகளின் 754 மதிப்பீடுகளைத் தொகுத்தார். மூன்று மடங்கு என்பது 30 முதல் 90 சதவீத உயர்வாக இறங்கியது. தன் எண்ணைத் தானே இறக்கிவைக்கும் பக்குவம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

1928-இல் சார்ல்ஸ் காப், பால் டக்ளஸ் இருவரும் எழுதிய உற்பத்திச் சார்பு, மூலதனத்துக்குப் பதில் உழைப்பையும் உழைப்புக்குப் பதில் மூலதனத்தையும் வைக்கும் நெகிழ்ச்சி 1 என்று கொள்கிறது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக அது மாணவர்கள் முதலில் படிக்கும் சூத்திரம். 2022-இல் செபாஸ்டியன் கெஷெர்ட்டும் தோமாஷ் ஹாவ்ரானெக்கும் உடன் உழைத்தவர்களும் 121 ஆய்வுகளின் 3,186 மதிப்பீடுகளைச் சேர்த்தார்கள். வெறும் சராசரி 0.9, பழைய சூத்திரத்துக்குச் சங்கடமில்லாத எண். அச்சேற்றத் தேர்வையும் முறைக் குறைகளையும் திருத்திய பின் 0.3. சூத்திரம் இன்றும் கரும்பலகையில் இருக்கிறது. வசதியானது என்பதால் இருக்கிறது.

எல்லாமே சுருங்கியதென்று சொல்லிவிட முடியாது. விமானமும் தொலைபேசியும் இணையமும் வந்தபின் தூரம் பொருளிழந்துவிட்டது என்பது 1990-களின் பரவலான நம்பிக்கை. 2008-இல் அன்-செலியா டிஸ்டியே, கீத் ஹெட் இருவரும் 103 கட்டுரைகளிலிருந்து 1,467 மதிப்பீடுகளைத் தொகுத்தார்கள். தூரம் 10 சதவீதம் கூடினால் வணிகம் சராசரியாக 9 சதவீதம் குறைகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஏறிய அந்த விளைவு பிறகு இறங்கவே இல்லை. இங்கே விளைவு தங்கியது, அது மறைந்துவிட்டது என்ற பேச்சுதான் கரைந்தது.

2017-இல் ஜான் அயோனிடிஸ், ஸ்டான்லி, டூகுலியாகோஸ் மூவரும் கணக்கை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். 159 மெட்டா பகுப்பாய்வுகள், அவற்றுக்குள் சுமார் 6,700 ஆய்வுகள், 64,000-க்கும் மேற்பட்ட மதிப்பீடுகள். உண்மையில் இருக்கும் விளைவைக் கண்டுபிடிக்க ஓர் ஆய்வுக்கு 80 சதவீத வாய்ப்பாவது வேண்டும் என்பது புள்ளியியல் மரபு. பொருளியலில் அதன் இடைநிலை மதிப்பு 18 சதவீதம், அல்லது அதற்கும் கீழே. அச்சான விளைவுகளில் ஏறக்குறைய 80 சதவீதம் ஊதிப் பெருத்தவை. பொதுவாக இரண்டு மடங்கு, மூன்றில் ஒரு பங்கு நான்கு மடங்கோ அதற்கு மேலோ. அதற்கு முந்தைய ஆண்டில் அபெல் புரோடியரும் மற்றவர்களும் மூன்று முதல்தரச் சஞ்சிகைகளின் 50,000 சோதனை முடிவுகளை வரைந்து பார்த்தபோது, மலை போல் வழவழப்பாக இருக்க வேண்டிய படம் இரட்டைத் திமில் ஒட்டகம் போல் இருந்தது. ஏற்கப்படும் எல்லைக்குச் சற்று இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் மேடு. பள்ளத்து மண்ணின் ஒரு பங்குதான் மேட்டுக்குப் போயிருக்கிறது.

இப்படித் தன் குறையைத் தானே எண்ணிப் பார்த்த பிறகு துறையின் பழக்கங்களும் மாறின. 1980-களில் ஒரு சஞ்சிகையில் ஏற்கெனவே கட்டுரை எழுதியிருந்தவர்களிடம் தரவைக் கேட்டபோது, மூன்றில் ஒரு பங்கு அளவினரே கொடுத்தார்கள். மற்றவர்களுடையது தொலைந்தது, அல்லது பதிலே இல்லை. இன்று அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் சஞ்சிகைகளில் கட்டுரை வர வேண்டுமென்றால் தரவையும் நிரலையும் ஒப்படைக்க வேண்டும். அவற்றைச் சரிபார்ப்பதற்கென்றே ஒரு பதிப்பாசிரியர் இருக்கிறார். அன்று முடிவு தெரிந்த பிறகு கேள்வியைச் செதுக்கலாம். 2013 முதல் கள ஆய்வுகளை முன்கூட்டியே பதிந்துவைக்கும் பதிவேடு இருக்கிறது. அன்று அட்டவணையில் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறிகள் மின்னின. 2016 முதல் சங்கத்தின் முதன்மைச் சஞ்சிகை அவற்றைப் போட வேண்டாம் என்கிறது. முடிவு என்னவென்று தெரியும் முன்பே, கேள்வியையும் முறையையும் பார்த்துக் கட்டுரையை ஏற்கும் வழக்கத்தையும் ஒரு சஞ்சிகை 2018-இல் தொடங்கியது. இழுப்பறையைத் திறந்து பார்ப்பதை விட, அதற்குள் தாள் விழாமல் தடுப்பது மேல்.

மதிப்புரை எழுதும் வேலையே உருமாறிவிட்டது. நூலகத்துப் பெஞ்சு போய் எக்செல் தாள் வந்தது. எந்தத் தேடுசொற்களை இட்டார்கள், எந்த நாளில் தேடினார்கள், எதை ஏன் விட்டார்கள் என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். ஒரு மதிப்பீட்டுக்கு ஒரு வரிசை: தரவின் ஆண்டு, நாடு, முறை, திட்டப் பிழை, எங்கே அச்சானது. இருவராவது தனித்தனியே பதிந்து ஒத்துப்பார்க்க வேண்டுமென்று 2013-இல் வகுத்த நெறிமுறைகள் சொல்கின்றன. எடைக்கற்கள் இப்போது எல்லோர் பார்வைக்கும் மேசைமேல் இருக்கின்றன. தராசில் சந்தேகம் இருந்தால் யார் வேண்டுமானாலும் மறுபடி நிறுத்துப் பார்க்கலாம்.

இழந்தவையும் உண்டு. ஓர் ஆய்வை முதல் வரியிலிருந்து கடைசி அடிக்குறிப்பு வரை படித்து, இது சரியில்லை என்று முகர்ந்தே சொல்லும் மூக்கு எக்செல் தாளுக்கு இல்லை. ஆறு மாத உழைப்பும் ஆறு ஆண்டு உழைப்பும் அங்கே ஒரே உயரமுள்ள வரிசைகள். ஒட்டுமொத்தமாக எல்லோரும் செய்த தவறு ஒன்று இருந்தால், சராசரி அதைக் கண்டுபிடிக்காது, உறுதிப்படுத்தும். 1978-இலேயே உளவியலாளர் ஹான்ஸ் ஐசன்க் கிளாஸின் முறையைப் பெரும் அசட்டுத்தனம் என்று எள்ளியது முழுக்கப் பொறாமையால் அல்ல. புனல் ஒருபக்கம் சாய்ந்திருப்பதற்கு இழுப்பறை மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. இடத்துக்கு இடம் விளைவே வேறுபட்டாலும் அது சாயும்.

அதனால்தான் குறைந்தபட்சக் கூலி விவாதமும் முடிந்துவிடவில்லை. 2022-இல் டேவிட் நியூமார்க்கும் பீட்டர் ஷர்லியும், ஒவ்வோர் ஆய்வின் ஆசிரியரும் தன் முதன்மை முடிவாக எதைக் கருதுகிறாரோ அதை மட்டும் எடுத்துத் திரட்டினார்கள். அவற்றில் 79.3 சதவீதம் வேலையிழப்பின் பக்கமே நின்றன. மறுபக்கம், 2019-இல் டொருக் ஜெங்கிஸ், அரிந்திரஜித் தூபே உள்ளிட்ட நால்வர் 1979 முதல் 2016 வரை நடந்த 138 மாநிலக் கூலி உயர்வுகளை ஒருசேரப் பார்த்தார்கள். அன்று கார்டுக்கும் க்ரூகருக்கும் கிடைத்தது ஒரு நியூ ஜெர்சி, இவர்களுக்கு 138. புதிய கூலிக்குக் கீழே மறைந்த வேலைகளுக்கு ஈடாக, அதற்குச் சற்று மேலே வேலைகள் தோன்றியிருந்தன. அன்று சண்டை திசையைப் பற்றியது. இன்று அது அளவைப் பற்றியது: எவ்வளவு, எந்த உயரம் வரை, யாருக்கு. பெரிய கேள்வி சிறிய கேள்விகளாக உடைந்திருக்கிறது. பரீட்சையில் ஒரு வரியில் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பதில் இப்போது ஒரு பக்கம் நீள்கிறது.

நமக்குப் பக்கத்துக் கதை ஒன்றும் இந்தத் தராசில் ஏறியது. சிறுகடன் ஏழைப் பெண்களை வறுமையிலிருந்து கைதூக்கிவிடும் என்ற நம்பிக்கை 2006-இல் முகமது யூனுஸுக்கும் கிராமீன் வங்கிக்கும் கிடைத்த நோபல் அமைதிப் பரிசோடு உச்சிக்குப் போனது. அன்று அதற்குச் சான்றாக இருந்தவை பெரும்பாலும் கதைகள்: ஒரு பெண், ஒரு மாடு, ஒரு கடை. பிறகு ஹைதராபாத், மொராக்கோ, மங்கோலியா, மெக்சிகோ, போஸ்னியா, எத்தியோப்பியா, பிலிப்பைன்ஸ் ஆகிய ஏழு இடங்களில் குலுக்கல் முறைச் சோதனைகள் நடந்தன. 2019-இல் ரேச்சல் மீகர் ஏழையும் சேர்த்து அலசினார். சராசரிப் பலன் சிறியது, பூஜ்யத்திலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். பலன் தென்பட்ட இடத்தில் அது முன்பே தொழில் செய்துகொண்டிருந்த வீடுகளின் பக்கம் சாய்ந்திருந்தது. கதைகள் பொய்யில்லை. மாடு வாங்கி முன்னேறிய பெண் இருக்கத்தான் செய்கிறாள். வாங்கியும் அதே இடத்தில் நின்றவளைப் பற்றி யாரும் எழுதவில்லை. அவளும் ஓர் அச்சேறாத தாள்.

ஆலன் க்ரூகர் 2019-இல் இறந்தார். 2021-இல் டேவிட் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, நியூ ஜெர்சி உணவகங்கள் மறுபடி எல்லோர் பேச்சிலும் வந்தன. 1992-இல் கார்டும் க்ரூகரும் எண்ணியபோது டெலவேர் ஆற்றின் இரு கரைகளுக்கும் இடையே இருந்த வித்தியாசம் 80 சென்ட். 2025-இல் நியூ ஜெர்சியின் குறைந்தபட்சக் கூலி 15.49 டாலர், பென்சில்வேனியாவில் அது இன்னும் கூட்டாட்சி அளவான 7.25. வித்தியாசம் 8 டாலர் 24 சென்ட்.

யாரேனும் மறுபடி தொலைபேசியை எடுத்து இரு கரைகளிலும் ஆட்களை எண்ணத் தொடங்கினால், ஒரு புதிய எண் வரும். அன்று அப்படி வந்த எண் ஒரு துறையை இரண்டாகப் பிளந்தது. இன்று வருவது எக்செல் தாளில் ஒரு வரிசையாக உட்காரும், பக்கத்தில் தன் திட்டப் பிழையை எழுதிவைத்துக்கொண்டு, மற்ற ஆயிரத்துச் சொச்ச வரிசைகளுக்கு நடுவே. யாரும் அதற்காக நாளிதழில் கோபப்பட மாட்டார்கள். ஒன்றும் தென்படவில்லை என்று வந்தாலும், அங்கே அதற்கும் ஓர் இடம் இருக்கும்.